வந்தியத்தேவனின் குதிரையும் ஹாரியின் துடைப்பமும்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பதின்மூன்று, பதினான்கு வயதில் முதன்முதலாகத் தடித்த புத்தகத்தைக் கையில் எடுக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் வாய்க்கிறது. ஒன்று, வீட்டுப் பெரியவர்களே எடுத்துக் கொடுக்கும் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. மற்றது, படத்தைப் பார்த்துவிட்டு அவனோ அவளோ தானாகத் தேடிப்போகும் ஜே.கே. ரௌலிங்கின் ‘ஹாரி பாட்டர்’. இரண்டையும் விடாமல் படித்து, விடாமல் சண்டையும் போட்டு வந்த வாசகன் என்ற உரிமையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதல் ஆட்சேபம் எங்கிருந்து வரும் என்று தெரியும். அது சரித்திர நாவல், இது மாயக்கதை, எப்படி ஒப்பிடலாம்? ஆனால் சரித்திரம் கல்கிக்குக் கொடுத்தது கொஞ்சம்தான். காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்வது பற்றிப் பேசுகிறது; சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்களையும் சொல்கிறது. கொலை ஏன் நடந்தது, யார் தூண்டினார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்த மௌனத்தில்தான் நந்தினி, பூங்குழலி, மந்தாகினி, ஆழ்வார்க்கடியான் எல்லாரும் பிறந்தார்கள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் ராஜராஜன் காலத்தில் எழுந்தது என்று ஆனைமங்கலம் செப்பேடு சொல்கிறது. ராஜராஜன் பட்டம் ஏறியது 985இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடக்கும் கதையில் காய்ச்சலில் கிடக்கும் இளவரசனை அதே விகாரத்தில் படுக்க வைக்கிறார் கல்கி. வேண்டிய இடத்தில் காலத்தையே நகர்த்திக்கொள்ளும் இந்தத் துணிச்சல் மாயக்கதைக்காரருடையது. பதின்மூன்று வயதுக்காரருக்கோ இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: புகுந்து வாழ இன்னொரு உலகத்தைத் தருகின்றன.

உள்ளே போகும் வழி

ரௌலிங்கின் உலகத்துக்கு லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் ஒன்பதாம் நடைமேடைக்கும் பத்தாம் நடைமேடைக்கும் நடுவிலுள்ள சுவரின் வழியாகப் போக வேண்டும். மாய சக்தியோடு பிறந்தவர்களுக்கே அந்தச் சுவர் வழிவிடும். நம்மைப் போன்ற சாதாரணர்களுக்கு அங்கே ‘மகிள்’ என்று பெயர். அவர்கள் கேலிக்கு உரியவர்கள், அல்லது நினைவு அழிக்கப்பட வேண்டியவர்கள். படிக்கும் பிள்ளை தன்னை ஹாரியாக நினைத்துக்கொள்வதால் இது உறைப்பதில்லை. நிதானமாக யோசித்தால் உறைக்கும்.

கல்கியின் உலகத்துக்கு நுழைவுச் சீட்டு கிடையாது. ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் என்ற இளைஞன் களைத்த குதிரைமேல் வருகிறான், அவ்வளவுதான். அந்த ஏரி இன்றும் வீராணம் என்ற பெயரில் இருக்கிறது, 2004 முதல் அதிலிருந்து சென்னைக்கே குடிநீர் போகிறது. பழையாறை பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்து ஊர். சதிகாரர்கள் கூடும் திருப்புறம்பியம் கும்பகோணத்திலிருந்து எட்டிவிடும் தூரம். கோடிக்கரையில் மானும் பூநாரையும் பார்க்கப் பள்ளிக்கூடச் சுற்றுலா போகிறது. ஹாரியின் வாசகர் இருக்கும் ஊரை விட்டு ஓட ஆசைப்படுகிறார். வந்தியத்தேவனின் வாசகர் இருக்கும் ஊரையே இரண்டாம் முறை பார்க்கிறார். இங்கே கல்கி ஒரு படி மேலே என்பது என் கட்சி. நடவும் அறுப்பும் தவிர எதுவும் நடக்காத ஊர் என்று சலித்துக்கொள்ளும் வயதில், அந்த ஊருக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை இருக்கலாம் என்று நம்ப வைப்பது சின்ன விஷயமில்லை.

பேய்க்கு என்ன மருந்து

இரண்டு காட்சிகளைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

‘பொன்னியின் செல்வ’னில் கோடிக்கரைச் சதுப்பு நிலம். இருட்டில் அங்கங்கே தீப்பிழம்பு குப்பென்று எழுந்து அணைகிறது. எங்கள் ஊர்களில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லிப் பிள்ளைகளை வீட்டுக்குள் அடக்கி வைத்தது இதை வைத்துத்தான். படகுக்காரப் பெண் பூங்குழலியோ அவற்றை வந்தியத்தேவனுக்குக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்கிறாள். உடன் வந்தவனுக்கு முதுகுத்தண்டு சில்லிடுகிறது, அவளுக்குச் சிரிப்பு வருகிறது.

ஹாரியின் மூன்றாம் புத்தகத்தில் லூபின் ஆசிரியரின் வகுப்பு. அலமாரிக்குள் ஒரு பூதம் இருக்கிறது. எதிரே நிற்பவர் எதற்கு அதிகம் பயப்படுகிறாரோ அந்த உருவத்தில் வெளியே வரும். நெவில் என்ற பயந்தாங்கொள்ளிப் பையனுக்கு அது ஸ்னேப் ஆசிரியராக வருகிறது. நெவில் மந்திரம் சொன்னதும் ஸ்னேப்பின் உடம்பில் நெவிலுடைய பாட்டியின் கவுனும், தலையில் அவளுடைய தொப்பியும் ஏறிவிடுகின்றன. வகுப்பே சிரிக்கிறது, பூதம் தடுமாறுகிறது.

பயத்துக்குச் சிரிப்புதான் மருந்து என்பதில் இருவரும் ஒரே வைத்தியர்கள். வேறுபாடு மருந்துக்குப் பிறகு வருகிறது. ரௌலிங்கின் பூதம் நிஜப் பூதம். சிரிப்பு அதைச் சிதறடித்தாலும் அது பூதமாக இருந்ததில் மாற்றமில்லை. கல்கியில் பேய் என்று தொடங்கியதெல்லாம் மனிதராகவே முடிகிறது. சக்கரவர்த்தி சுந்தர சோழரை இரவெல்லாம் வாட்டும் ஆவி யாருடையது என்று அவர் நினைத்தாரோ, அந்த ஊமைப் பெண் மந்தாகினி சாகவே இல்லை, உயிரோடிருக்கிறாள். மந்திரவாதி ரவிதாசனின் மந்திரம் ஆந்தைக் குரலோடு சரி. கடம்பூர் மாளிகையில் சாமி வந்து ஆடி அரச குலத்துப் பலி கேட்கும் தேவராளனும் சதிக்கூட்டத்து ஆள். சாமியாடியின் வாக்குக்குப் பின்னால் யாருடைய காரியம் நடக்கிறது என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அதையும் மீறி ஒன்றை மட்டும் கல்கி அவிழ்க்காமல் விட்டுவிடுகிறார்: வானத்து வால்நட்சத்திரம். அரச குடும்பத்தில் ஒரு சாவு விழும் என்று ஊர் பேசுகிறது, சாவும் விழுகிறது. பகுத்தறிவுக்குப் பக்கத்திலேயே ஒரு சிட்டிகை நம்பிக்கை. எங்கள் பக்கத்து வீடுகளும் அப்படித்தான்.

யாருக்கு நெற்றியில் எழுதியிருக்கிறது

ஹாரியின் நெற்றியில் மின்னல் வடிவத் தழும்பு. அவனைப் பற்றி முன்கூட்டியே ஒரு வாக்கு. அவன்தான் ‘அந்தப் பையன்’. கல்கியிலும் அப்படி ஒருவர் உண்டு. பின்னாளில் ராஜராஜனாகும் அருள்மொழிவர்மனின் கையில் சங்கும் சக்கரமும் ரேகையாக இருக்கின்றன, குடந்தை சோதிடர் அவர் புகழ் பாடுகிறார். நாவலின் பெயரும் அவருடையதுதான். ஆனால் கதை அவரைச் சுற்றியா ஓடுகிறது? நாடிழந்த வாணர் குலத்துப் பையன், ஓலை கொண்டுபோகும் வேலைக்காரன், வாயைக் கட்ட முடியாத வந்தியத்தேவனைச் சுற்றி ஓடுகிறது. சோதிடர் அவனுக்கு உருப்படியாக எதுவும் சொல்வதில்லை. பொய் சொல்வான், மாட்டிக்கொள்வான், செய்யாத கொலைக்குப் பாதாளச் சிறைக்கும் போவான்.

இதைக் கல்கியின் மிகப் பெரிய சாமர்த்தியம் என்பேன். தலைப்பை விதி தேர்ந்தெடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, குதிரையைச் சாதாரணனுக்குக் கொடுத்துவிட்டார். ரௌலிங் இரண்டையும் ஒரே பையன் தோளில் ஏற்றினார். அந்தப் பாரத்தில் ஐந்தாம் புத்தகத்தின் பல பக்கங்கள் ஹாரி எரிந்துவிழுவதிலேயே கழிகின்றன. மதிப்பெண்ணை வைத்து விதி எழுதப்படும் பிள்ளைகளுக்கு, வாக்கு வேறொருவருக்கு இருந்தாலும் பயணம் உனக்குத்தான் என்று சொல்லும் நாவல் பெரிய ஆறுதல்.

பகையாளியைப் படைத்ததிலும் கல்கிக்கே என் ஓட்டு. கல்கியின் நந்தினியும் ரௌலிங்கின் வோல்டமார்ட்டும் பிறப்பு மர்மத்தோடு, பெற்றவர்கள் இல்லாமல் வளர்ந்தவர்கள். வோல்டமார்ட் உயிரைக் கூறு போட்டு மனித முகத்தையே இழக்கிறான். அவனை வெறுப்பது சுலபம். நந்தினியை வெறுக்கப் போய்ப் பாதி வழியில் நின்றுவிடுகிறோம். அவளுக்கு நடந்தது அநியாயம் என்பது கதைக்குள்ளிருக்கும் அவள் பகைவர்களுக்கே தெரிகிறது.

வாரமும் வருடமும்

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை ‘கல்கி’ இதழில் மணியத்தின் ஓவியங்களோடு வாரந்தோறும் வந்தது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். அந்தத் தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த புத்தகம் எங்கள் பக்கத்தில் பல வீட்டுப் பரண்களில் இருந்தது. ஓரத்தை பைண்டர் கத்தி தின்றிருக்கும், பக்கத்தின் பின்புறம் ஏதோ தைல விளம்பரம் இருக்கும், நடுவில் ஓர் இதழ் காணாமல் போயிருக்கும். ஒவ்வோர் அத்தியாயமும் யாரோ கதவைத் தட்டும் நேரத்தில் முடிவதற்குக் காரணம் அந்த வாரக் கணக்கு. தொடருக்கே உரிய நோய்களும் உண்டு. சுவருக்குப் பின்னால் யாராவது நின்று ஒட்டுக் கேட்காமல் இந்த நாவலில் ஒரு ரகசியமும் பேசப்படுவதில்லை.

ஹாரி பாட்டரின் ஏழு புத்தகங்கள் 1997 முதல் 2007 வரை பத்தாண்டுகளில் வந்தன. பதினொரு வயதில் தொடங்கும் ஹாரிக்குக் கடைசியில் பதினேழு. மொழி தடிக்கிறது, சாவுகள் கூடுகின்றன. புத்தகம் வாசகரோடு சேர்ந்து வளர்கிறது. இதற்கு ஈடாகக் கல்கியிடம் ஒன்றும் இல்லை. ஆடியில் தொடங்கும் கதை ஓர் ஆண்டைக்கூடத் தாண்டுவதில்லை, வந்தியத்தேவன் வளர நேரமே இல்லை. மறுபடி படிக்கும்போது நாம்தான் இடம் மாறி உட்கார வேண்டியிருக்கிறது. முதல் முறை குதிரைக்காகப் படித்தவர், பின்னாளில் அறுபத்து நான்கு விழுப்புண்களோடு கிழப்பருவத்தில் காதலில் விழுந்து, கொள்ளிடம் வெள்ளத்தில் படகு கவிழ்ந்து, உயிரோடு தன் மானமும் ஊசலாட நிற்கும் பெரிய பழுவேட்டரையருக்காகப் படிப்பார்.

முடிவில் இருவரும் கைகோக்கிறார்கள். அருள்மொழி, கைக்கு வந்த மணிமுடியை உத்தம சோழருக்குக் கொடுக்கிறார். ஹாரி, உலகிலேயே வலிய மந்திரக்கோல் தனக்கு வேண்டாம் என்று தலைமையாசிரியர் டம்பிள்டோரின் கல்லறைக்கே திருப்பிவிட நினைக்கிறான். ஜெயித்தவன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் இரண்டு பெரும் தொடர்களும் இளையவர்களிடம் கடைசியாகச் சொன்னது.

சோறு எங்கிருந்து வந்தது

இதுவரை பெரும்பாலும் கல்கிக்கே மதிப்பெண் போட்டுவிட்டேன். ஒரு கேள்வியில் தராசு மறுபக்கம் சாய்கிறது.

ஹாக்வர்ட்ஸ் பள்ளியில் தட்டுகளில் தானாக விருந்து நிரம்புகிறது. நான்காம் புத்தகத்தில் ஹாரியின் தோழி ஹெர்மயனி, அடித்தளத்துச் சமையற்கட்டில் கூலி இல்லாமல் உழைக்கும் குட்டிப் பணியாளர்கள் அதைச் சமைக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அவர்களுக்காக இயக்கமே தொடங்குகிறாள். ரௌலிங் அதைப் பாதி கேலியாக்கி, முடிக்காமல் விட்டுவிடுகிறார். இந்திய வாசகருக்கு இன்னொரு குறையும் கண்ணில் படும்: அதே புத்தகத்தில் வரும் விருந்து நடனத்துக்கு ஹாரியும் நண்பன் ரானும் அழைத்துப்போகும், இந்தியப் பெயர் கொண்ட பாட்டீல் சகோதரிகள் துணைக்கு உட்கார்ந்திருப்பதோடு சரி. ஆனாலும் விருந்துக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்ற கேள்வி அந்தக் கதைக்குள் எழுந்துவிட்டது.

கடம்பூர் மாளிகையிலும் பெரிய விருந்துதான். நெல்லும் கரும்பும் விளையும் வயல் வழியாகத்தான் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். நாற்று நட்டவர்கள் எங்கே? அரசர், சிற்றரசர், துறவி, வீர வைணவர், படகோட்டும் பெண், பூத்தொடுக்கும் பிள்ளை எல்லாரும் இருக்கிறார்கள். சேற்றில் நின்றவர்களுக்குப் பேச ஒரு வரி இல்லை. கல்கி மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர். அவருக்கு அந்த வாழ்க்கை தெரியாமல் இருந்திருக்காது. இத்தனைக்கும் தொடர் வந்துகொண்டிருந்த 1952ஆம் ஆண்டில்தான், விவசாயச் சங்கங்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சோழர் கதைக்குள் அந்தச் சத்தம் கேட்கவே இல்லை.

கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனதால் மலிவுப் பதிப்புகள் புத்தகக் காட்சிக்குக் காட்சி குவிகின்றன. மணிரத்னத்தின் படங்கள் 2022, 2023இல் வந்தபின் புது வாசகரும் கூடினார்கள். பி.எஸ்.வி. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில் ஹாரியும் தமிழ் பேசிவிட்டான். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்குப் படிக்க இல்லை என்ற குறை இல்லை. அவர்கள் வயதுக்கென்று, அவர்கள் ஊரில் நடக்கும், அடுத்த தொடர்தான் இல்லை. ஜெயமோகனின் ‘பனி மனிதன்’ நல்ல முயற்சி. அது நம்மை இமயமலைக்குக் கூட்டிப்போகிறது. ஊர் எல்லையில் குதிரை கட்டி நிற்கும் ஐயனார், முனி, காட்டேரி, மதகில் குடியிருக்கும் சாமி என்று டெல்டாவில் சரக்குக்குப் பஞ்சமா? எழுதப்போகிறவர் கல்கியிடமிருந்து நிலத்தையும், ரௌலிங்கிடமிருந்து வயதோடு வளரும் கட்டுமானத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். தலைவனாக மட்டும் அரச குலத்தையும் மந்திரக் குலத்தையும் தேடிப்போக வேண்டாம். நடவாளின் மகளுக்கு அந்தக் குதிரையைக் கொடுத்தால் போதும்.