ஊமத்தைப் புகையும் ஆஸ்துமாவும்

1802-இல் ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி சென்னையிலிருந்து ஒரு பழக்கத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்: மூச்சிரைப்புக்கு உலர்ந்த ஊமத்தையைப் புகைப்பது. சென்னையில் அதைப் பரிந்துரைத்தவர் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். அந்த நூற்றாண்டிலேயே ஐரோப்பிய மருந்துக்கடைகளில் ஆஸ்துமா சிகரெட்டுகள் விற்பனைக்கு வந்தன. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. ஊமத்தையிலுள்ள அட்ரோபின் மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்தும். அதன் வழிவந்த இப்ராட்ரோபியம் இன்றும் அவசர சிகிச்சையில் உதவுகிறது. ஆனால் ஊமத்தை அளவு மீறினால் நஞ்சு. அதைவிடப் பெரிய குறை, இறுக்கத்தைத் தளர்த்திய புகை, மூச்சுக்குழாயின் உட்சுவரில் நீடிக்கும் அழற்சியை ஆற்றவில்லை என்பதே.

மூச்சு சீரானால் போதாதா என்று கேட்கலாம். 1960-களில் இங்கிலாந்தில் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் ஐசோப்ரினலின் மருந்தின் செறிவு மிகுந்த இன்ஹேலர் பரவியபோது இளையோரின் ஆஸ்துமா மரணங்கள் கூடின. மருந்தின் வீரியமா, தணிவை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டதா என்று மருத்துவர்கள் வாதிட்டார்கள். எதுவானாலும் தணிவு வேறு, கட்டுப்பாடு வேறு. 2019-இல் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய அமைப்பான ஜினாவின் (GINA) வழிகாட்டுதல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தணிப்பு மருந்தை மட்டும் தரும் முறையைக் கைவிட்டு, அழற்சியை ஆற்றும் உள்ளிழுப்பு ஸ்டீராய்டைச் சேர்க்கச் சொன்னது. ஆகவே இரவில் திரும்பத் திரும்ப வரும் இருமல், விசில் போன்ற இளைப்பு, நெஞ்சு இறுக்கம் ஆகியவை தானாகத் தணிந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத திணறல், நீலம் பாயும் உதடுகள், இன்ஹேலருக்கும் அடங்காத இரைப்பு என்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.