சோடா தெளித்த காலம்

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அறுபதுகளில் புதுச்சேரியில் மழை விட்ட ஒரு மாலை. மைதானம் ஊறிக் கிடந்தது. அந்தக் காலத்துத் தோல் பந்து தண்ணீர் குடித்தால் கருங்கல்லாய்க் கனக்கும். உயரே வந்த பந்தை முட்ட எழும்பிய என் நண்பனின் தலையும் எதிரணிப் பையனின் தலையும் மோதிக்கொண்டன. கோல் கம்பத்தருகே நின்ற எனக்கே சத்தம் கேட்டது.

முசே ஓடி வந்தார். யாரோ சோடா உடைத்துக் கொடுக்க, முகத்தில் அடித்தார். கண் விழித்தான்.

“சா வா?”

“உய், முசே.”

அவ்வளவுதான் வைத்தியம். ஆடினான், ஒரு கோலும் போட்டான். வீடு திரும்பும் வழியில் “யாருடா ஜெயிச்சது?” என்று நான்கு முறை கேட்டான். நான்கு முறையும் சிரித்தோம். பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை. வெளிச்சம் பார்த்தால் தலை வலிக்கிறது, எழுத்து மிதக்கிறது என்றான். கணக்கில் முதலாவதாக வருபவன் அந்த வருடத்தோடு பின்தங்கினான். அடிதான் காரணம் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு இன்றும் உறுத்துகிறது.

முசேயை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவனை வெளியே எடுத்தால் பத்துப் பேரோடு ஆட வேண்டும். உலகக் கோப்பையிலேயே மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தது 1970இல்தான்.

1982இல் செவில் நகரில் நடந்த அரையிறுதியை எங்கள் ஊர்ப் பழைய பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் பேசுவார்கள். ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாகர் மோதியதில் பத்திஸ்தோன் நினைவிழந்து விழுந்தார், பல்லும் போயிற்று. நடுவர் ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் பத்திஸ்தோனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். மயங்கி விழுபவனைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. எழுந்து நிற்பவனிடம்தான் ஏமாறுகிறோம். 2014 இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் கிராமர் முகத்தில் அடிபட்ட பிறகும் கால் மணி நேரம் போல ஆடினார். கடைசியில் நடுவரிடமே, இது இறுதிப் போட்டிதானா என்று கேட்டாராம். என் நண்பன் கேட்டதும் அந்த வகைக் கேள்விதானே!

கன்கஷன் என்கிற இந்த மூளை அதிர்ச்சிக்கு மயக்கம் வந்தே தீர வேண்டும் என்பதில்லை. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், கேட்டதையே கேட்பது போதும். ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால், அபூர்வமாக என்றாலும், மூளை வீங்கி உயிரே போகலாம். இளம் வயதினருக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். அதனால் சந்தேகம் வந்தாலே வெளியே எடுத்துவிட வேண்டும், அன்றைக்கு மறுபடி இறக்கக் கூடாது என்று இப்போது வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2015இல், பத்து வயது வரையுள்ள குழந்தைகள் தலையால் முட்டவே கூடாது என்றார்கள். தலையில் அடிபட்டவருக்குப் பதிலாகக் கூடுதல் ஆள் இறக்கும் சோதனை தொடங்கியதோ 2021இல்தான்.

போன மாதம் என் பேரன் ஆட்டத்தில் தலையில் இடி வாங்கினான். கோச் உடனே வெளியே அழைத்தார். “எனக்கு ஒண்ணுமில்ல சார்!” என்று அழுதான். கோச் அசையவில்லை. டாக்டரிடம் போகும் வழியில், “தாத்தா, யாரு ஜெயிச்சா?” என்றான். சொன்னேன். மறுபடி கேட்கிறானா என்று வீடு வந்து சேரும்வரை காத்திருந்தேன்.