தரகரும் படையும்: மாதோட்டம் கூறும் வரலாறு

திருக்கேதீஸ்வரம் அமைந்துள்ள மாதோட்டம் பாடல் பெற்ற தலம் மட்டுமன்று. பண்டைக் கடல் வாணிபத்தின் பெருந்துறையுமாகும். 1980களில் இங்கு நடைபெற்ற அகழ்வாய்வில் சீனப் பாண்டங்களின் துண்டுகள் வெளிப்பட்டன. ஆயின், வாணிபம் நடந்த இக்கடலைக் கடந்து படைகளும் வந்தன. அவற்றை அழைத்தவர் யார்? அதற்கு விலை கொடுத்தவர் யார்?

7ஆம் நூற்றாண்டில் மானவம்மன் என்னும் சிங்கள இளவரசன் காஞ்சியில் நரசிம்மவர்மனை அடைந்து, அவனுக்காகப் போர் புரிந்து, அதற்கு ஈடாகப் பல்லவப் படையைப் பெற்றான் எனச் சூளவம்சம் கூறும். அரியணைப் போட்டிக்கு அயற்படையை நாடுவது அக்கால அரச குலத்தார்க்குப் பழகிய வழியே.

10ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியின் முடிவு தெரிந்தது. ஐந்தாம் மகிந்தனுக்குக் குடியானவர் வரி செலுத்தவில்லை, கருவூலம் வறண்டது. கூலி பெறாத கேரளப் படையினர் அரண்மனையை முற்றுகையிட்டனர். மன்னன் உரோகணத்துக்குத் தப்பியோடினான். இச்செய்தியைச் சோழ மன்னனின் செவிக்கு எட்டச் செய்தவன் யார்? தூதுவனல்லன், ஒற்றனுமல்லன், குதிரை விற்க வந்த ஒரு வணிகன். சோழப் படை கடல் கடந்தது. மாதோட்டம் இராசராசபுரம் ஆயிற்று. தாழிகுமரன் அங்கு இராசராசேச்சரம் எடுப்பித்ததைக் கல்வெட்டு உரைக்கின்றது. 1017இல் சிறைப்பட்ட மகிந்தன் சோழ நாட்டிலேயே மாண்டான்.

இக்கதை ஒரு தீவுக்கு மட்டும் உரியதன்று. பாண்டங்கள் அனுப்பிய சீனமும் ஒன்பது நூற்றாண்டுகளின் பின் இதே வலையில் வீழ்ந்தது. 1917, 1918ஆம் ஆண்டுகளில் பீக்கிங்கில் ஆட்சி செலுத்திய துவான் சீருயி யப்பானிடமிருந்து 14.5 கோடி யென் கடன் பெற்றார். அதனை ஒழுங்கு செய்த நிசிகாரா கமேசோ அமைச்சருமல்லர், தூதுவருமல்லர். யப்பானியப் பிரதமர் தெராவுச்சியின் நம்பிக்கைக்குரிய வணிகர். சீனத் தரப்பில் முன்னின்றவர் அமைச்சர் சாவோ ரூலின். காடுகளும் சுரங்கங்களும் இருப்புப் பாதைகளும் ஈடாயின. அபிவிருத்தி என்ற பெயரில் வந்த பணத்தில் பெரும்பகுதி, சொந்த நாட்டின் தென்பகுதியோடு துவான் நடத்திய போருக்கே சென்றது. 1918 செப்டெம்பரில், சாந்துங் பற்றிய யப்பானின் நிபந்தனைகளுக்கும் பீக்கிங் அரசு இணங்கியது. மறு ஆண்டு பாரிசு மாநாட்டில் இவ்விணக்கமே சீனத்தின் உரிமைக் கோரிக்கைக்கு எதிராக நீட்டப்பட்டது. 1919 மே 4இல் பீக்கிங் மாணவர் வீதிக்கு வந்தனர். சாவோ ரூலினின் இல்லம் தீக்கிரையாயிற்று.

மகிந்தன் வீழ்ச்சியையும் பீக்கிங் நிகழ்ச்சியையும் ஒப்பு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். மக்களின் இசைவில் ஊன்றாத ஆட்சி, தன் படைக்கான கூலியைப் பிறரிடம் தேடுகின்றது. அத்தேட்டத்தில் தரகன் பிறக்கின்றான். ஒருவன் குதிரையோடு வருகின்றான்; மற்றொருவன் வங்கிப் பத்திரத்தோடு வருகின்றான். கொடுப்பவன் நாட்டின் பலவீனத்தை அளந்தே கொடுக்கின்றான்.

2022 ஏப்ரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு மண்ணெண்ணெய் இன்றி மன்னார்க் கரையில் வள்ளங்கள் ஓய்ந்து கிடந்தன. எந்தக் கடன் பத்திரத்திலும் அம்மீனவர் கையொப்பமிட்டதில்லை. மகிந்தனின் கூலிப்படையை உழவர் அழைத்ததுமில்லை. கையொப்பமிடாதவரே கடனை இறுக்கின்றனர். ஆதலின், தம் பெயரால் யார், யாரிடம், எதை ஈடுவைக்கின்றனர் என வினவும் உரிமை முதற்கண் அவர்களுக்கே உரியது.