ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தாதி ஒரு தாளைக் கொடுத்தார். அதில் ஏழெட்டு விதிகள் இருந்தன. மகள் ஒன்றை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள். ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. கர்ப்பப்பையில் வளர்ந்திருந்த கட்டியை எனக்கு வயிற்றைத் திறந்து எடுத்திருந்தார்கள். அவள் மூன்றாம் படிவம் படிக்கிறாள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு சர்வாதிகாரியாக மாறிப்போனாள். அரிசிப் பை, தண்ணீர் வாளி, துவைத்த துணிக் கூடை எதையும் தொடவிடவில்லை.

ஐந்தாவது வாரத்தில் பள்ளி விடுமுறை வந்தது. "எங்கயாச்சும் போலாம்மா. நீங்க நாலு சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்றாள். டாக்டரிடம் கேட்டேன். போகலாம், ஆனால் மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும், நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது என்றார். கையில் அறுநூறு வெள்ளி இருந்தது. இரண்டு பேர், இரண்டு இரவு, பினாங்கு என்று முடிவானது.

திட்டம் முழுக்க அவளுடையது. கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் போனால் காசு மிச்சம். ஆனால் பஸ்ஸில் எழுந்து நடக்க முடியாது, ஒவ்வொரு குலுக்கலும் தையலில் போய் நிற்கும். அதனால் ரயில். கழிப்பறைக்குப் பக்கத்துப் பெட்டி, நடைபாதை ஓர இருக்கை. பட்ஜெட்டில் ஏறக்குறைய பாதி அதற்கே போய்விட்டது. மிச்சத்தை மற்ற இடங்களில் பிடித்தாள். பட்டர்வொர்த்தில் இறங்கினால் படகு, படகுத்துறையிலிருந்து 204ஆம் எண் பேருந்து, நகருக்குள் சுற்ற இலவசப் பேருந்து. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தோள்பை. அதுவும் அவள் முதுகில்.

தங்கும் இடம்தான் இழுத்தடித்தது. ஜார்ஜ் டவுனில் மலிவான அறைகள் பெரும்பாலும் பழைய கடைவீடுகளில் இருக்கின்றன. முன்பக்கம் குறுகல், உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளம். கீழே கடை, மேலே குடியிருப்பு என்று கட்டிய வீடுகள் அவை. மாடிக்குப் போவது ஏணி மாதிரி செங்குத்தான மரப்படி. மகள் ஒவ்வொரு இடத்துக்கும் போன் போட்டு விலைக்கு முன்னால் ஒரே கேள்விதான் கேட்டாள்: "எத்தனை படி?" கடைசியில் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை ஒன்று கிடைத்தது. ஜன்னல் இல்லாததால் விலையும் குறைவு.

பட்டியலின் கடைசியில் 'கொடிமலை' என்று எழுதியிருந்தாள். படுத்தே கிடந்ததால் எனக்குப் படிக்க நேரம் இருந்தது. அந்த மலையைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. என்னைப் போல உடம்பு தேற வருகிறவர்களுக்காகவே திறக்கப்பட்ட மலை அது. ஆனால் அன்றைக்கு அங்கே உடம்பு தேறியவர்களின் பட்டியலில் என் ஆட்கள் யாரும் இல்லை.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைப்பற்றினார். காட்டை வெட்டி நகரம் அமைத்தார்கள். நகரத்தோடு காய்ச்சலும் வந்தது. லைட் 1794இல் மலேரியாவில்தான் இறந்தார். அந்தக் காலத்து மருத்துவத்துக்குக் கொசு மேல் சந்தேகமே இல்லை. சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். காற்றுதான் நோய் என்றால் மருந்தும் காற்றுதானே? மேலே ஏறினால் நல்ல காற்று.

அதனால் தீவின் நடுவில் இருந்த மலைக்கு மிகச் சீக்கிரமே பாதை வெட்டினார்கள். உச்சியில் கொடிக்கம்பம் நட்டுக் கப்பல் வருவதை நகரத்துக்கு அறிவித்தார்கள். கொடிமலை, புக்கிட் பெண்டேரா என்ற பெயர்கள் அப்படி வந்தவை. ஆளுநருக்கு ஒரு பங்களா எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, நோயிலிருந்து தேறும் கம்பெனி அதிகாரிகளுக்கென்று தனியாக ஒரு பங்களாவும் அங்கே இருந்தது. இந்தியாவில் உடம்பு கெட்டுப்போன அதிகாரிகளும் கப்பலேறி இங்கே ஓய்வுக்கு வந்திருக்கிறார்கள். ஊட்டியில் வெள்ளையர்கள் வீடு கட்டத் தொடங்கியது 1820களை ஒட்டித்தான். கொடிமலை அதற்கும் மூத்தது.

சரி, காய்ச்சலில் எழுந்து நிற்கவே முடியாத ஆள் அந்த மலைக்கு எப்படிப் போனார்? உச்சிப் பகுதி கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல். தெம்பு இருந்தவர்கள் மட்டக்குதிரையில் போனார்கள். இல்லாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நாற்காலிக்கு இரண்டு பக்கமும் கழி கட்டி ஆட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். பழைய குறிப்புகளில் அவர்களுக்குப் பெயர் கிடையாது, 'கூலிகள்' என்ற ஒரே சொல்தான். அவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள்.

மலை உச்சியில் இன்றைக்கும் அருளொளி திருமுருகன் கோயில் இருக்கிறது, பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசலும். 1800களில் சிறிய வழிபாட்டிடமாகத் தொடங்கிய கோயில் அது என்றும், இந்தியச் சிப்பாய்களும் நாற்காலி சுமந்தவர்களும்தான் முதலில் கும்பிட்டவர்கள் என்றும் சொல்கிறார்கள். மேலே பங்களாக்கள் ஓய்வெடுக்க வந்தவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தூக்கி வந்தவர்கள் விட்டுப்போனது ஒரு சாமியை மட்டும்தான்.

அதே காலத்தில் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்த சாதாரணத் தமிழர்களின் உடம்பை என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1790களிலிருந்தே இந்தியக் கைதிகளைக் கொண்டுவந்து சாலை போட வைத்தார்கள். பிறகு நாகப்பட்டினத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் வந்தது. தீவின் கிழக்குக் கரையை ஒட்டி ஜெரெஜாக் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தொழுநோயாளிகளுக்கான இல்லமும் தொற்றுத் தடுப்பு நிலையமும் அமைந்தன. கப்பலில் வந்த தொழிலாளிகளை அங்கே இறக்கி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஒரே பினாங்கில் உடம்பு சரியில்லாதவர்களைத் தனியே அனுப்ப இரண்டு இடங்கள் இருந்திருக்கின்றன. ஒருவரை அவருடைய நலனுக்காக மலைக்கு அனுப்பினார்கள். இன்னொருவரை மற்றவர்களின் நலனுக்காகத் தீவில் வைத்தார்கள். தொற்றைத் தடுப்பது தேவைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தேறுவதற்கென்று ஓர் இடம் தோட்டத்துக்காரனுக்கு இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

1897இல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1901இலேயே கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, சாக்கடை வெட்டிக் காய்ச்சலை அடக்கிக் காட்டினார். கெட்ட காற்று என்ற கதை அதோடு முடிந்தது. மலைக்கான மருத்துவக் காரணமும் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அப்போதுதான் மலைக்கு ரயில் விடுவதில் மும்முரமானார்கள். முதல் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்து தொழில்நுட்பக் கோளாறால் தோற்றது. இரண்டாவது ரயில் 1923 அக்டோபரில் ஓடத் தொடங்கி, 1924 ஜனவரி 1ஆம் தேதி முறைப்படி திறக்கப்பட்டது. ஆக, மலை மருந்தாக மட்டும் இருக்கவில்லை. குளிர்ந்த காற்று, வேலையில்லாத காலைப்பொழுது, கீழே இருக்கும் ஊரை மேலே இருந்து பார்க்கிற சுகம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஓய்வு என்பதே ஓர் அந்தஸ்து.

ரயில் வந்த பிறகு நாற்காலி சுமந்தவர்களுக்கு மலையில் வேலை இல்லாமல் போனது. தோள் வலி தீர்ந்தது, கூலியும் தீர்ந்தது.

இந்த இடத்தில் என் பாட்டியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் தெற்குக் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எனக்கு வந்த அதே நோய்தான் அவருக்கும். மாவட்ட ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். மூன்றாவது வாரம் அவர் பிரட்டுக்குப் போய் நின்றார். நாள்கூலிக்காரிக்குப் படுத்திருக்கிற நாள் பேர் விழாத நாள். அதைவிடப் பெரிய பயம், தன் நிரையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களோ என்பது. பக்கத்தில் சின்ன மரமாக, நல்ல பால் இருக்கிற நிரை அவருடையது. போய் வெட்டினார். வெட்டிய பாலை இரண்டு வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடந்தார். அவருக்கு யாரும் ஐந்து கிலோ என்று எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியாது.

இதை அவர் ஒருபோதும் குறையாகச் சொன்னதில்லை. பெருமையாகத்தான் சொல்வார். "கத்தி வச்ச வயித்தோட பால் தூக்கினவடி நான்." அந்தப் பெருமை அப்படியே அம்மாவுக்கு வந்தது, அம்மாவிடமிருந்து எனக்கு. எங்கள் வீட்டில் பெண்கள் படுப்பதற்கு ஒரே ஒரு அனுமதிதான் உண்டு. பிள்ளை பெற்றால் முப்பது நாள். மஞ்சள், பூண்டு, வெந்நீர், பத்தியம் என்று ஒரு பெரிய ஏற்பாடே நடக்கும். மற்ற எந்த வலிக்கும் அப்படி ஒரு சடங்கு இல்லை. கட்டியை எடுத்துவிட்டுப் படுத்திருந்தபோது பார்க்க வந்த உறவினர்கள் "இன்னுமா எந்திரிக்கல?" என்று கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எனக்கே அந்தக் கேள்வி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

கொடிமலை போகிற நாளில் காலையில் நாசி கண்டார் வாங்கிப் பசியாறினோம், இரண்டு பேருக்கு ஒரே பொட்டலம். மகள் எங்கோ படித்திருக்கிறாள். "கண்டார்னா தோள்ல கம்பு வச்சுத் தூக்கறதாம்மா. அந்தக் காலத்துல ரெண்டு பக்கமும் சோறு, கறிப் பானையைக் கட்டித் தூக்கிட்டு வந்து வித்தாங்களாம். தமிழ் முஸ்லிம் ஆளுங்க." எனக்குச் சோறு தொண்டையில் நின்றது. கண்டார், காண்டா. பாட்டியின் தோளில் இருந்த கம்புக்கும் இந்தச் சோற்றுக்கும் ஒரே பெயர். இத்தனை வருடம் இரண்டையும் சொல்லியிருக்கிறேன், சேர்த்துப் பார்த்ததில்லை.

வாரநாள் என்பதால் வரிசை சிறியது. எங்களுக்கு மைகார்ட் கட்டணம், அவளுக்கு மாணவர் கட்டணம். 1923ஆம் ஆண்டுப் பாதையில் நடுவில் இறங்கி வேறு பெட்டி மாற வேண்டும், மேலே போய்ச் சேர அரை மணி ஆகும். 2011இலிருந்து ஓடும் புதிய பெட்டி நேராக, சில நிமிடங்களில் ஏறிவிடுகிறது. கூட்டம் உட்கார இடம் பிடித்துவிட்டது. மகள் கூச்சமே இல்லாமல் ஓர் இளைஞரிடம் போய் "அம்மாவுக்கு ஆப்பரேஷன் ஆயிருக்கு" என்று மலாயில் சொன்னாள். அவர் உடனே எழுந்தார். எனக்கு முகம் சூடேறியது. உட்கார்ந்தேன்.

ஏறும்போது பெட்டி செங்குத்தாகச் சாய்ந்தது, வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே பச்சை கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. இந்தச் சரிவில் ஒரு முழு மனிதரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். அவர்களுக்கு உடம்பு சரியில்லாத நாளில் என்ன செய்திருப்பார்கள்? வேறொரு தோள் வந்து கழியைப் பிடித்திருக்கும், அவ்வளவுதான்.

மேலே உண்மையிலேயே குளிர்ந்தது. கோயிலுக்குக் கொஞ்சம் நடை, நான்கு இடத்தில் நின்று நின்று போனோம். கும்பிட்டுவிட்டு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். கீழே ஜார்ஜ் டவுன், அதற்கப்பால் கடல், பாலம், இன்னும் தள்ளிச் செபராங் பிறை. பாட்டி இருந்த தோட்டம் அந்தப் பக்கம்தான் எங்கோ. கெடாவில் அவர் இருந்த அத்தனை வருடத்தில் ஒரு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வரை வந்திருக்கிறார். இதற்கு மேலே ஏறியதில்லை.

மகள் பையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். தோளில் பட்டை அழுத்திய இடத்தில் சட்டை நனைந்திருந்தது. அவள் திரும்பி வருவதற்குள் நான் எழுந்து பையைத் தூக்கப் போனேன். பெரிய கனம் ஒன்றும் இல்லை. தண்ணீர்ப் போத்தல், குடை, என் மருந்து, ஒரு மாற்றுச் சட்டை.

"மா."

திரும்பினேன். பத்தடி தூரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தாள்ல என்ன போட்டிருக்கு?"

"அஞ்சு கிலோ இருக்காதுடி இது."

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே போகிற பெட்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்த நேரத்தில் அவளுக்குப் பாட்டியின் கதையைச் சொன்னேன். பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேட்டுவிட்டு அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "அப்ப அவங்க வாளிய யாரும் தூக்கித் தரலயா?"