இரண்டு ஸ்டேஷன்கள், ஒரு கணக்கு

வாழப்பாடிக்காரர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் ஊர் வழியாகப் போகிற சேலம் - சென்னை ரயில் எழும்பூர் ரயில். அதே சேலம் ஜங்ஷனில் ஜோலார்பேட்டை வழி ரயிலைப் பிடித்தால் பெரும்பாலும் சென்ட்ரலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். ஒரே ஊருக்குப் போக ஏன் இரண்டு வாசல்? பதில் சென்னையில்தான் இருக்கிறது. செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள், கொஞ்சம் நடக்கலாம்.

முதல் நிறுத்தம் ராயபுரம். நெடிய தூண்களோடு நிற்கிற இந்தக் கட்டடத்தை கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தது 1856 ஜூன் 28-ல். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டருக்குப் பொதுமக்கள் ரயில் ஓடியது. 1853-ல் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ரயில் விட்டு அவர்கள் முந்திக்கொண்டார்கள், சரி. ஆனால் அந்த இரண்டு பழைய ஸ்டேஷன்களும் இன்றில்லை. ராயபுரம் இருக்கிறது. 2005-ல் புதுப்பித்தும் கொடுத்தார்கள்.

இந்தத் தண்டவாளத்தைப் போட்டது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. லண்டனில் பங்கு விற்றுத் திரட்டிய பணம். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இஞ்சினைவிட இந்தக் கணக்குதான் பிடிக்கும். ரயில் லாபத்தில் ஓடினாலும் நஷ்டத்தில் ஓடினாலும் முதலீட்டுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வரை வட்டி நிச்சயம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. நிலமும் இலவசம். துண்டு விழுந்தால்? இந்திய வரிப்பணத்தில் கட்டு! செலவு எவ்வளவு ஆனாலும் வட்டி உண்டென்றால் எந்த முதலாளி சிக்கனம் பார்ப்பான், சொல்லுங்கள்.

1860-களின் தொடக்கத்தில் ரயில் சேலத்துக்கு வந்தது. ஊருக்குள் அல்ல, சில மைல் தள்ளி சூரமங்கலத்துக்கு. 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது தண்டவாளம் தயாராகத்தான் இருந்தது. தானியமும் ரயிலில் வந்தது. வாங்கத்தான் ஜனங்களிடம் காசில்லை. 1871 கணக்கெடுப்பைவிட 1881-ல் சேலம் மாவட்டத்தின் ஜனத்தொகை குறைந்துபோயிருந்தது.

வாருங்கள், இரண்டாவது நிறுத்தம் சென்ட்ரல். ராயபுரத்தில் நெரிசல் தாங்காமல் 1873-ல் உருவானது. இங்கே வந்து சேர்ந்ததெல்லாம் அகலப்பாதை. தண்டவாள இடைவெளி 1,676 மில்லிமீட்டர்.

இங்கிருந்து மேற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நடந்தால் அரை மணிக்குள் எழும்பூர். ஹென்றி இர்வின் வரைந்தார், பெங்களூர் காண்ட்ராக்டர் சாமிநாத பிள்ளை கட்டினார். திறந்தது 1908 ஜூன் 11. பல காலம் இதற்குள் வந்ததெல்லாம் மீட்டர் பாதை, வெறும் 1,000 மில்லிமீட்டர்.

ஏன் இந்தக் குழப்பம்? அந்த 5 சதவீதம்தான்! வட்டி கட்டிக் கட்டி விழிபிதுங்கிய அரசாங்கம், மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த 1870-ல், இனி புதுப் பாதைகளைக் குறுகலாகப் போட்டுச் செலவைக் குறைப்போம் என்று முடிவெடுத்தது. இந்த வேகத்தில் நாகப்பட்டினம் - திருச்சிக்கு ஏற்கெனவே போட்டிருந்த அகலப்பாதையைக்கூடப் பெயர்த்து மீட்டர் பாதையாக்கினார்கள். தெற்கே சவுத் இந்தியன் ரயில்வேயின் மீட்டர் பாதை, மேற்கே அகலப்பாதை. ஒன்றின் வண்டி மற்றதில் ஏறாது. அதனால்தான் இரண்டு வாசல்.

வாழப்பாடிக்கு ரயில் வந்தது 1930-களின் தொடக்கத்தில், சேலம் - விருத்தாசலம் பாதை போட்டபோது. சூரமங்கலத்துக்கு ரயில் வந்து சுமார் 70 வருஷம் கழித்து! அதுவும் மீட்டர் பாதை. வாழப்பாடி பாக்கு மூட்டை ஒன்று பம்பாய்க்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலம் ஜங்ஷனில் சின்ன வேகனிலிருந்து இறக்கி, பெரிய வேகனில் ஏற்ற வேண்டும். அதற்குக் கூலி, காத்திருப்பு, வழியில் சிந்திச் சிதறுவது... எல்லாம் மூட்டைக்காரர் தலையில்.

1992-ல் நாடெங்கும் ஒரே பாதை என்ற திட்டம் வந்தது. விருத்தாசலம் பாதை அகலமாக 2000-க்குப் பிறகுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாகப்பட்டினம் பாதையையும் மறுபடி பெயர்த்து அகலமாக்கினார்கள். போட்டதற்கு ஒரு செலவு, குறுக்கியதற்கு ஒன்று, மறுபடி விரித்ததற்கு இன்னொன்று!

அடுத்த தடவை சென்ட்ரலையும் எழும்பூரையும் பார்க்கும்போது கோபுரத்தை ரசியுங்கள், தப்பில்லை. கூடவே ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். லண்டன் பங்குதாரருக்கு வருஷா வருஷம் வட்டி தவறவில்லை. அதற்காக வரி கட்டிய வாழப்பாடி விவசாயியின் பேரன்தான் வாசலில் ரயிலைப் பார்த்தான்.