நீக்கத்தாற் பிறந்த பொருள்

ஒன்றோடொன்றைக் கூட்டிப் புதுப்பொருள் ஆக்குவதே இரசாயனவியலாரின் தொழில் என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உள்ளதிலிருந்து ஒன்றை நீக்கியும் புதுப்பொருள் ஆக்கலாம் என்பதற்கு, 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நிகழ்ந்த கண்டுபிடிப்பொன்று சான்றாகும். ஆயினும் அதன் வரலாறு தொடங்குவது வியன்னாவிலே.

1960களில் வியன்னாப் பல்கலைக்கழகத்து ஹான்ஸ் நொவோட்னியும் அவர்தம் குழுவினரும் காபைட்டு, நைத்திரைட்டு என்பவற்றை ஆராய்ந்தனர். உலோகம் காபனோடு சேர்ந்தது காபைட்டு. நைதரசனோடு சேர்ந்தது நைத்திரைட்டு. அவர்கள் கண்ட சேர்வைகளுள் ஒரு குடும்பம் விந்தையானது. அடுக்கடுக்கான அதன் படைகளுக்கிடையே அலுமினியம், சிலிக்கன் போன்ற வேறொரு மூலகத்தின் அணுக்கள் தனிப்படையாக அமர்ந்திருந்தன. அமைப்பு அறியப்பட்டது, இயல்புகளோ பெரிதும் ஆராயப்படவில்லை. முப்பது ஆண்டளவு அவ்வறிவு ஏடுகளில் உறங்கிற்று.

1996இல் பிலடெல்பியாவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் மிசேல் பர்சூம் தம் சக ஆய்வாளருடன் அவற்றுள் ஒன்றைத் தூய்மையாக ஆக்கினார். அது மட்பாண்டம்போல் வெப்பந் தாங்கியது. உலோகம்போல் மின்னைக் கடத்தியது. பின்னர் அவரும் யூரி கொகோட்சியும், ஆய்வு மாணவர் மைக்கேல் நாகிப்பும் இலிதிய மின்கலத்துக்கு உகந்த பொருள் தேடினர். இலிதியம் புகுவதற்குப் படைகளிடையே இடம் வேண்டும். அங்கோ அலுமினியம் குடியிருந்தது. அதனை வெளியேற்றினாலென்ன?

தைத்தேனியத்துக்கும் காபனுக்கும் இடையிலான பிணைப்பு வலியது. அலுமினியத்தின் பிணைப்பு மெலியது. ஆதலால் ஐதரோபுளோரிக்கமிலத்தில் இட்டபோது அலுமினியம் மாத்திரம் கரைந்து நீங்கிற்று. எஞ்சியவை ஏறக்குறைய ஒரு நனோமீற்றர் தடித்த தகடுகள். ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு அத்தகையன பத்து இலட்சம் அடுக்கவேண்டும்! 2004இல் காரீயத்திலிருந்து பிரிக்கப்பட்ட கிரபீனின் பெயரைத் தழுவி, இவற்றுக்கு மாக்சீன் எனப் பெயரிட்டனர்.

கண்டுபிடிப்புகளைத் தற்செயல் என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இங்கே கேள்வி முன்னரே இருந்தது. அப்பொருட்குடும்பமும் வியன்னா ஏடுகளில் இருந்தது. புகழைப் பங்கிடுங்கால் நொவோட்னியை மறத்தல் முறையன்று.

அவ்வமிலம் கொடியது, தோலை ஊடுருவி உடலின் கல்சியத்தைத் தாக்கவல்லது. 2014இல் இலிதியம் புளோரைட்டையும் ஐதரோகுளோரிக்கமிலத்தையும் கொண்டு இலகுவானதொரு வழி காணப்பட்டது. அவ்வழியிற் கிடைத்த பொருளைக் களிமண்போல் உருட்டிப் படலமாக்கலாம். நைத்திரைட்டுத் தகடுகள் அமிலத்திற் கரையக்கூடியன. எனவே 2016இல் உருகிய புளோரைட்டு உப்பில், 550 பாகை செல்சியசில், அவற்றைப் பெற்றனர்.

வானொலி நேயர்க்கு ஏற்ற பயனொன்றும் உண்டு. 45 மைக்கிரோமீற்றர் தடித்த மாக்சீன் படலம், தன்மேற் படும் நுண்ணலைகளின் வலுவில் நூறு கோடியில் ஒரு பங்கினும் குறைவாகவே அப்பாற் செல்லவிடுகின்றது என 2016இல் அளந்தறிந்தனர். மின்கருவிகள் ஒன்றையொன்று குழப்பாது காக்க இது உதவும். மின்னைச் சேமித்தல், நீரைத் தூய்தாக்கல் ஆகியனவும் ஆராயப்படுகின்றன.

குறையும் உண்டு. ஒட்சிசன் கலந்த நீரிற் கிடந்தால் இத்தகடுகள் நாட்போக்கிற் சிதைந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டாகின்றன. வெண்ணிறப் பூச்சுகளிற் சேர்வதும், நமது புல்மோட்டை மணலிலுள்ள ரூட்டைல் எனும் கனியத்தில் இருப்பதும் அதுவே. அச்சிதைவைத் தடுக்கும் வழியையே இப்போது ஆய்வாளர் பலர் நாடுகின்றனர்.