திருமணத் தடைவிதியும் பணிக்குத் திரும்பிய தாய்மாரும்

பிள்ளை வளர்ப்புக்காகச் சில ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு மீண்டும் வேலை தேடும் பெண்ணின் வாழ்க்கைக் குறிப்பில் காணப்படும் வெற்றிடத்தை இன்றைய அலுவலக வழக்கு 'பணி இடைவெளி' என்று அழைக்கிறது; அதற்கு விளக்கம் சொல்லவேண்டிய பொறுப்பும் அப்பெண்ணின் மேலேயே சுமத்தப்படுகிறது. ஆனால் பிரிட்டனின் அரசுப்பணி வரலாற்றைப் பயில்வோருக்கு, அந்நாட்டு எழுத்தர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் அவ்விடைவெளி தாய்மையால் நேர்வதற்கு முன்பே ஒரு பணிவிதியால் நேர்ந்துவிட்டது என்பது தெளிவாகப் புலப்படும். மணமான பெண்ணை வேலைக்கு எடுக்கலாகாது, வேலையிலிருக்கும் பெண் மணம் செய்துகொண்டால் விலகிவிட வேண்டும் என்று வகுத்த அந்த விதியைத் திருமணத் தடைவிதி எனலாம். பணிக்குத் திரும்புதல் என்னும் சிக்கலின் வரலாறு அவ்விதியிலிருந்தே தொடங்குகிறது.

அவ்விதி எல்லாப் பெண்களையும் தொட்டதில்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். லங்காஷயர் பருத்தி ஆலைகளில் மணமான பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தறியோட்டினர். பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே, குழந்தையைப் பாட்டியிடமோ அண்டை வீட்டாரிடமோ விட்டுவிட்டு அவர்கள் ஆலைக்குத் திரும்பினர். பேறுகாலத்துக்குப் பின் 4 வாரங்களுக்குள் தாயை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தபோதும், அந்நான்கு வாரக் கூலிக்கு ஈடு எதையும் அது தரவில்லை. வறுமை அவர்களுக்கு இடைவெளி எடுக்க இடம் கொடுக்கவில்லை. அரசு அலுவலகங்களைத் துப்புரவு செய்த பெண்கள் மணமானவர்களா என்பதையும் எவரும் பொருட்படுத்தவில்லை. மேசையும் நாற்காலியும் நிலையான சம்பளமும் உள்ள இடங்களிலேயே தடை வந்து நின்றது.

1870இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை தனியார் தந்தி நிறுவனங்களை ஏற்றுக்கொண்டபோது, அவற்றில் பணிபுரிந்த பெண் தந்தியாளர்களும் அரசு ஊழியர்களாயினர். அம்மாற்றத்தை நடத்திய ஃபிராங்க் ஸ்கடமோர் என்னும் அதிகாரி, பெண்களை அமர்த்துவதால் துறைக்குக் கிடைக்கும் ஆதாயத்தைத் தம் அறிக்கையில் ஒளிவின்றி எடுத்துரைத்தார். ஆண்களில் கீழ்த்தட்டினரை மட்டுமே ஈர்க்கக்கூடிய ஊதியம், பெண்களில் நன்கு கற்ற குடும்பத்தினரையே ஈர்க்கும் என்பது அவர் கணக்கு. அதற்கு மேலாக, நீண்ட காலம் பணியிலிருப்பவருக்கு ஆண்டுதோறும் ஊதிய உயர்வும் இறுதியில் ஓய்வூதியமும் தரவேண்டிய சுமையை, மணம் செய்துகொண்டு விலகுவதன் மூலம் பெண்களே குறைத்துவிடுவார்கள் என்றும் அவர் கணக்கிட்டார். அந்த எதிர்பார்ப்பு 1876இல் அஞ்சல் துறையின் விதியாயிற்று. 1894இல் அது அரசுப்பணி முழுவதற்கும் விரிந்ததோடு, 6 ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றி மணத்துக்காக விலகும் பெண்ணுக்கு, பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பள வீதம் 12 மாதச் சம்பளத்துக்கு மிகாத 'திருமணப் பணிக்கொடை' வழங்கும் வழக்கமும் ஏற்பட்டது. சீதனம் போல் தோன்றிய அத்தொகையை, ஓய்வூதியக் கடனை மலிவாகத் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு என்று கொள்வதே பொருந்தும். குடும்ப நலனும் பெண்ணின் இயல்பும் தடைவிதிக்குக் காரணங்களாகப் பிற்காலத்தில் பேசப்பட்டாலும், அதன் வேர் சம்பளக் கணக்கில்தான் இருந்தது.

பால் வேற்றுமையோ திருமணமோ பொதுப்பணிக்குத் தடையாகக் கூடாது என்று 1919இல் நாடாளுமன்றம் சட்டமியற்றிய பின்னரும் தடைவிதி அழியவில்லை. அரசுப்பணிக்குத் தனி ஒழுங்குமுறை வகுத்துக்கொள்ள அச்சட்டமே வழிவிட்டிருந்தது. மணமானவர் என்பதற்காக ஓர் ஆசிரியையைப் பூல் நகராட்சி விலக்கியது செல்லும் என்று 1925இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வேலையில்லாத் திண்டாட்டம் பெருக, ஒரே வீட்டில் இருவர் சம்பாதிப்பதா என்ற கேள்வி வலுப்பெற்று, அதுவரை தடையில்லாதிருந்த பிபிசி ஒலிபரப்பு நிறுவனமும் 1932இல் அதை ஏற்றுக்கொண்டது. அயர்லாந்து 1934இல் தொடக்கப்பள்ளி ஆசிரியைகளுக்கு அத்தடையை விதித்தது.

இரண்டாம் உலகப் போர் இந்நிலையைச் சில ஆண்டுகளிலேயே தலைகீழாக்கிற்று. ஆண்கள் போர்முனைக்குச் சென்றதால் ஆயுதச் சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மணமான பெண்கள் தேவைப்பட்டனர். 1944 அளவில் அரசுச் செலவில் சுமார் 1,500 குழந்தைகள் காப்பகங்கள் இயங்கின. ஆசிரியைகளுக்கான தடையை 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் நீக்கியது. பிபிசி அதே ஆண்டிலும் உள்நாட்டு அரசுப்பணி 1946இலும் தடையைக் கைவிட்டன. வெளியுறவுப் பணியில் மட்டும் அது 1970களின் தொடக்கம்வரை நீடித்தது. போர் ஓய்ந்ததும் காப்பகங்களுக்கான மானியம் குறைக்கப்பட்டு அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன. வேலைக்கு வரும் உரிமை ஏட்டில் கிடைத்த அதே வேளையில், பிள்ளையை விட்டுவிட்டு வருவதற்கான இடம் பறிபோயிற்று.

இச்சூழலில் 1956இல் வெளிவந்த நூல் ஒன்று பணிக்குத் திரும்புதலை முதன்முறையாகப் பெரிய அளவில் சமூகக் கேள்வியாக்கியது. சுவீடனின் ஆல்வா மிர்தாலும் லண்டனில் வாழ்ந்த வயோலா கிளைனும் எழுதிய அந்நூல், பெண்களின் ஆயுள் நீண்டு, பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டமையால், கடைசிப் பிள்ளை பள்ளிக்குச் சென்ற பின்னும் ஒரு தாய்க்குப் பல பத்தாண்டுகள் உழைக்கும் காலம் எஞ்சியிருக்கிறது என்பதைச் சுட்டி, கல்வியும் வேலையும், பிள்ளை வளர்ப்பு, மீண்டும் வேலை என மூன்று கட்டங்களாக அவள் வாழ்வைத் திட்டமிட வேண்டும் என்றது. வீட்டிலிருக்கும் நடுக்கட்டத்தை இயல்பானதாக ஏற்று, அதில் தந்தைக்குச் சமபங்கு கோராமல் விட்டது அந்நூலின் குறை என்று பின்வந்தோர் கூறியது நியாயமே. எனினும் மூன்றாம் கட்டம் என ஒன்று உண்டு என்று அது நிறுவிக் காட்டியது சிறிய பணியன்று.

அம்மூன்றாம் கட்டத்துக்கு அரசு கதவு திறந்தது தட்டுப்பாட்டின் காரணமாகவே. போருக்குப் பின் பள்ளிப்பிள்ளைகள் பெருகியபோது ஆசிரியர் போதவில்லை. இளம் ஆசிரியைகள் மணமாகிப் பிள்ளைப்பேற்றுக்கு விலகியதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே, பயிற்சி பெற்று வீட்டில் இருந்த தாய்மாரைத் திரும்ப அழைக்க 1960களின் தொடக்கத்தில் கல்வி அமைச்சகம் முனைந்தது. ஆனால் அதே அமைச்சகம் 1960இல் வெளியிட்ட 8/60 எண்ணிட்ட சுற்றறிக்கை, மழலையர் பள்ளி இடங்களை மேலும் பெருக்குவதற்குத் தடை போட்டிருந்தது. ஒரு கையால் அழைத்து மறு கையால் வழியடைத்த இம்முரண்பாடு 1964இல்தான் ஓரளவு தளர்ந்தது: தாய்மாரை ஆசிரியப் பணிக்குத் திரும்பச் செய்யும் என்றால் மட்டும் புதிய மழலையர் வகுப்பு தொடங்கலாம் என்று ஒரு பின்னிணைப்பு வெளியாயிற்று. வேறு வேலைக்குத் திரும்ப விரும்பிய தாயை அது கருதவில்லை.

இதே காலத்தில், அரசை எதிர்பாராமல் வேலையின் வடிவத்தையே மாற்றிப் பார்த்த முயற்சி ஒன்று விரிவாக நினைவுகூரத்தக்கது. ஸ்டெஃபனி ஷர்லி 1933இல் ஜெர்மனியில் பிறந்தவர். நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி யூதக் குழந்தைகளை வெளியேற்றிய ரயில் ஒன்றில் 1939இல் இங்கிலாந்தை அடைந்து, பின்னர் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆய்வு நிலையத்தில் கணினி கற்றவர். எத்துறை 1876இல் தடைவிதியை எழுதிற்றோ அத்துறையிலேயே தேர்ந்த இவர், 1962இல் 6 பவுண்டு முதலீட்டில் 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தம் வீட்டில் தொடங்கினார். கணினிக்குரிய கட்டளைத் தொடர்களை, அதாவது நிரல்களை, அக்காலத்தில் தாளில் பென்சிலால் எழுதி, துளையட்டையில் பதிந்த பிறகே இயந்திரத்தில் இடுவர். ஆகவே அதை எழுதுவதற்குக் கணினி அருகில் இருக்கத் தேவையில்லை, தொட்டில் அருகிலும் இருக்கலாம் என்பதை அவர் கண்டுகொண்டார். மணத்துக்கும் மகப்பேற்றுக்கும் பின் வேலையை இழந்திருந்த பயிற்சி பெற்ற பெண்கள் தத்தம் வீட்டில் அமர்ந்து எழுதி, அஞ்சல் வழியாகவும் தொலைபேசி வழியாகவும் பணியை ஒப்படைத்தனர். பெண் பெயரிட்ட கடிதங்களுக்கு நிறுவனங்கள் மறுமொழி தராததால் அவர் 'ஸ்டீவ்' என்று கையொப்பமிட்டதும், தொலைபேசியில் பேசும்போது குழந்தைகளின் ஒலி கேளாதிருக்க அலுவலக ஓசையை ஒலிநாடாவில் ஓடவிட்டதும் அக்காலம் தாய்மாரை எவ்வளவு ஐயத்தோடு நோக்கியது என்பதற்குச் சான்றுகள். கான்கார்ட் விமானத்தின் பறப்புப் பதிவுகளைப் பிரித்தாயும் நிரலை எழுதியவர்கள் இப்பெண்களே. முதல் 300 பணியாளர்களில் மூவர் மட்டுமே ஆண்கள். பால் பாகுபாட்டைத் தடுக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும் பெண்களை மட்டும் அமர்த்தும் கொள்கையை நிறுவனம் கைவிட வேண்டியதாயிற்று.

பிரிட்டிஷ் விதியின் நிழல் விடுதலை பெற்ற இந்தியாவிலும் படர்ந்தது. 1951இல் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வாகிச் சென்னை மாகாணத்தில் அமர்ந்து, ஒசூரில் சார் ஆட்சியராக விளங்கிய அன்னா ராஜம் ஜார்ஜின் நியமன ஆணையில், மணம் செய்துகொண்டால் பணி முடிவுறும் என்று எழுதப்பட்டிருந்தது. மருந்து நிறுவனம் ஒன்றின் பொதியும் பிரிவில் இருந்த இத்தகைய விதி நியாயமற்றது என்று 1965இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. சென்னையில் உயர்கல்வி பெற்று வெளியுறவுப் பணியில் சேர்ந்த குடகுப் பெண்மணி சி. பி. முத்தம்மா தொடுத்த வழக்கில், மணத்துக்கு முன் அரசின் அனுமதி பெறவேண்டும், தேவையெனில் மணமான பெண்ணைப் பணி விலகச் சொல்லலாம் என்ற விதியை 1979இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் வன்மையாகக் கண்டித்தார். பணியை விட்டுப் பிள்ளை வளர்த்த அறிவியல் பட்டதாரிகளுக்கென நடுவண் அரசு தனித் திட்டம் வகுத்ததோ 2000களின் தொடக்கத்தில்தான். பிரிட்டனில் அதற்கு முன்னோடி, சர்ரே பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியை டாஃப்னி ஜாக்சன் 1985இல் தொடங்கிய பகுதிநேர ஆய்வு நல்கை. இடைவெளிக்குப் பின் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்புவோருக்குப் புத்தறிவும் தன்னம்பிக்கையும் ஒருசேரப் பெற அது கால அவகாசம் தந்தது.

அயர்லாந்தில் ஆசிரியைகளுக்கான தடை 1958இல் ஆசிரியர் தட்டுப்பாட்டாலும், அரசுப்பணியாளருக்கான தடை 1973இல் பெண்கள் நிலை பற்றிய ஆணையத்தின் பரிந்துரையாலும் நீங்கின. அதுவரை, விலகிய பெண் கைம்பெண்ணானால் அவரைத் திரும்ப அமர்த்த இயலும் என்றே சட்டம் இருந்தது. 2018இல் அந்நாட்டு அரசு, பிள்ளை வளர்ப்பில் கழிந்த காலத்தில் 20 ஆண்டுகள்வரை ஓய்வூதியக் கணக்கில் சேர்க்க முடிவு செய்தது. ஆனால் அச்சலுகை, முழு வீதத்தில் குறைந்தது 520 வாரச் சந்தா கட்டியவருக்கே உரியது. இருபதுகளிலேயே விதியால் வெளியேற்றப்பட்டு, திரும்பிவர வழியின்றி வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்கள் அந்த எண்ணிக்கையை எட்டியிருக்க வாய்ப்பில்லை.